ஊற்றிய கை

என் அண்ணி கதவைச் சாத்தினால் எதிர்வீட்டுக்காரர் தன் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். அப்படி ஒரு கை. டம்ளரை மேசையில் வைப்பது, பாத்திரத்தின் மேல் மூடியைப் போடுவது, அலமாரியை இழுப்பது எல்லாமே ஒரே சுருதிதான். தண்ணீர் ஊற்றினால் பாதி டம்ளருக்கு, பாதி மேசைக்கு. பஸ் நிற்பதற்கு முன்பே படியில் ஒரு காலை வைத்திருப்பார். அண்ணன் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருக்கிறான். நேரிலேயே அப்படிக் கூப்பிடும் தைரியமும் அவனுக்கு உண்டு. எக்ஸ்பிரஸ் எங்கே நின்று காதில் வாங்குகிறது?

இப்படிப்பட்டவர் செய்யும் வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். உடம்பில் உள்ள செல்கள் ஒன்றுக்கொன்று எப்படித் தகவல் சொல்லிக்கொள்கின்றன என்று ஒட்டுக்கேட்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அத்தனை சன்னமான பேச்சைக் கேட்க இவ்வளவு சத்தமான ஆளைத்தானா பிடித்தார்கள் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன்.

"கேக்கறது மைக்ராஸ்கோப்தானே, இவ இல்லையே" என்றான்.

நான் கல்யாணம் முறிந்து, இரண்டு பெட்டியும் ஒரு கம்ப்யூட்டருமாக அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அச்சகங்களுக்குப் படம் வரைந்து, பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். வந்த அன்று அண்ணி தன் புத்தகங்களையெல்லாம் சின்ன அறையிலிருந்து வாரிக்கொண்டு போய் ஹாலில் தொப்புத் தொப்பென்று போட்டார். பிறகு, "இந்தா, ஜன்னல் பக்கம் மேசை போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது.

அன்றே என் மனதில் ஒன்று வேர்விட்டது. இந்தக் கதவும் மூடியும் என்னைப் பற்றித்தான் பேசுகின்றன. அண்ணி என்னிடம் ஒரு சுடுசொல் சொன்னதில்லை, அது உண்மை. ஆனால் சொல்லாததை எல்லாம் பாத்திரங்கள் சொல்லின. வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்த நாத்தனாரை எந்த வீட்டில் கொண்டாடுவார்கள்? அண்ணனுக்கும் தெரியாமல் வாடகைக்கு ஓர் அறை தேடத் தொடங்கினேன். அறை அமைகிற வரைக்கும் என் மேசையை விட்டு நகராமல், அரவம் காட்டாமல் இருந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணியின் கட்டுரை உருவாகிக்கொண்டிருந்தது. அதில் அவர் சொல்ல வந்தது இதுதான். தட்டில் வளரும் செல்களை ஓர் ஊசிமுனையால் கீறினால், காயம்பட்ட செல்கள் தங்களைச் சுற்றியிருக்கும் திரவத்துக்குள் எதையோ விடுகின்றன. அந்தத் திரவத்தை எடுத்து வேறொரு தட்டில் நிம்மதியாக இருக்கும் செல்கள் மேல் ஊற்றினால், அவை விழித்துக்கொள்கின்றன. செல்களுக்குள் ஒரு சாயம் ஏற்றி வைத்திருப்பார்கள். விழித்த செல் பச்சையாக ஒளிரும். அண்ணியின் படங்களில் தட்டு முழுக்கப் பளிச்சென்று ஒரே நேரத்தில் ஒளிர்ந்தது. பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டு. அதில் ஊற்றியது வெறும் திரவம். அது இருட்டாகவே கிடந்தது. காயத்தின் செய்தி திரவத்தில் போகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கட்டுரை எழுதுவது என்றால் நாலு பக்கம் எழுதி அனுப்புவது என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டிலேயே ஒன்று நடந்தபோதுதான் அது பிரசவ வார்டு என்று புரிந்தது. அண்ணி எழுதுவார், அவருடைய பேராசிரியர் சிவப்பில் வெட்டுவார், அண்ணி திரும்ப எழுதுவார். பேராசிரியருக்குக் கட்டுரையில் மனிதர்களே இருக்கக் கூடாது. யார் செய்தார் என்பது முக்கியமில்லை, என்ன நடந்தது என்பதுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. படங்களின் அளவு, எழுத்தின் அளவு, மேற்கோள் காட்டும் முறை என்று ஒவ்வோர் ஆய்விதழுக்கும் ஒரு சட்டம். எல்லாவற்றையும் சரிசெய்து, ஆசிரியருக்கு ஓர் அறிமுகக் கடிதமும் எழுதி, பெரிய இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். எங்கள் வாசகர்களுக்கு ஆர்வமிருக்காது என்று ஒரே வாரத்தில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று சமையலறையில் நடந்ததை எதிர்வீட்டுக்காரர் இன்னும் மறக்கவில்லை.

விஷயம் சும்மா மானப் பிரச்சினை இல்லை. அண்ணியின் வேலை நிரந்தரமானதல்ல. அவ்வப்போது ஒரு குழு உட்கார்ந்து, இவரை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். குழு அடுத்த மாதம் கூடவிருந்தது. அதற்குள் ஒரு கட்டுரையாவது ஏதாவது ஓர் இதழின் பரிசீலனைக்குப் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மைக்ராஸ்கோப்புக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்தது. இந்த வயதில் வேறு ஆய்வுக்கூடம் யாரும் கொடுக்கப்போவதில்லை. அண்ணி இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

இரண்டாவது இதழ் கொஞ்சம் சின்னது. ஆனால் அவர்கள் கூடுதலாக ஒன்று கேட்டார்கள். ஆராய்ச்சி முழுவதையும் ஒரே படமாக வரைந்து முகப்பில் வைக்க வேண்டுமாம். அண்ணி வரைந்து பார்த்தார். தட்டு, திரவம், கை என்று அவர் காட்டியது எனக்குத் தட்டில் விழுந்த நண்டு மாதிரி இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொல்லியும் விட்டேன்.

"அப்போ நீயே வந்து வரை" என்றார் அண்ணி.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமைக் காலை நான் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் முதன்முறையாக நுழைந்தேன். நீளமான அறை. நடுவே மேசைகள், சுவரோரம் உறுமும் குளிர்பெட்டிகள், மூலையில் கறுப்புத் திரை போட்ட மைக்ராஸ்கோப். அங்கே அண்ணியோடு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். நத்தை என்று எல்லாரும் கூப்பிடுகிறார்கள், அவரும் கோபப்படுவதில்லை. நான் உள்ளே வந்தபோது ஒரு கண்ணாடிக் குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, நாற்காலி தேடி உட்கார்ந்தபோதும் அதே குப்பியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

செல்கள் மேல் திரவத்தை விடுவதற்கு ஒரு நீள உறிஞ்சுகுழல் வைத்திருக்கிறார்கள். பேனா பிடிப்பது போல் பிடித்து, கட்டைவிரலால் மேலே அமுக்கினால் கீழே திரவம் இறங்கும். தட்டையும் குழலையும் வரைந்துவிட்டேன். கைதான் வரவில்லை. விரல்கள் எங்கே மடங்குகின்றன என்று பார்க்காமல் கை வரைந்தால் அது கையுறையாகத்தான் இருக்கும்.

"அண்ணி, ஊத்தற மாதிரி கொஞ்சம் பிடிச்சுக் காட்டுங்க."

அண்ணி ஒரு காலித் தட்டை இழுத்து, குழலைத் தட்டுக்கு நேர் மேலே செங்குத்தாகப் பிடித்து, கட்டைவிரலால் ஒரே அமுக்கு. உள்ளே இருந்த தண்ணீர் சொளக்கென்று நடுவில் விழுந்தது. நான் பென்சிலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இவ்வளவு வேகமா? நான் எப்படி வரையறது? நீங்க காட்டுங்க சார்" என்று நத்தையைக் கேட்டேன்.

நத்தை தட்டைச் சற்றே சாய்த்தார். குழலின் முனையைத் தட்டின் சுவரில் ஒட்டவைத்தார். கட்டைவிரல் இறங்குவதே தெரியவில்லை. தண்ணீர் சுவரோடு வழிந்து, அடியில் ஒரு சலனமும் இல்லாமல் பரவியது. நான் விரல் விரலாக வரைந்து, நகம் வரை முடித்துவிட்டேன். அப்போதும் அவர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இது அழகா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஏன் வேற வேற மாதிரி ஊத்தறீங்க? நான் எந்தக் கையைப் போடட்டும்?"

வேடிக்கையாகத்தான் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. நத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறும் திரவம் போட்ட தட்டெல்லாம் யாரு பண்ணினது?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கே தெரிந்த பதில்தான்.

"நான்தான் அக்கா. அது அவசரமில்லை, நீ பண்ணுன்னு நீங்கதானே குடுத்தீங்க" என்றார் நத்தை.

"காயத் திரவம்?"

"நீங்க."

"எல்லாமே?"

"எல்லாமே, அக்கா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணி எழுந்து, செல்கள் வளரும் தட்டு ஒன்றை எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார். குழலில் வெறும் திரவத்தை எடுத்தார். காயமும் இல்லை, செய்தியும் இல்லை, வெறும் திரவம். தன் வழக்கப்படி நேர் மேலிருந்து சொளக்கென்று விட்டார். திரையில் இருட்டாக இருந்த தட்டு பளிச்சென்று பச்சையாக எரிந்தது.

நத்தைதான் எனக்கு விளக்கினார். செல்களுக்கு அடி விழுந்தாலும் ஒளிரும். மேலிருந்து கொட்டும் திரவமே அவற்றுக்கு ஓர் அடிதான். அப்படியென்றால் அத்தனை படங்களிலும் செல்கள் எழுந்து பார்த்தது காயத்தின் செய்தியைக் கேட்டா, இல்லை எக்ஸ்பிரஸ் வந்த அதிர்ச்சியிலா? இனி யாராலும் சொல்ல முடியாது.

பேராசிரியருக்குப் போன் போட்டார்கள். வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார்.

"கமிட்டி வருதும்மா. இப்போ இதை நிறுத்தினா உன் கையில காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. அனுப்பு, அனுப்பாதேன்னு நான் சொல்ல மாட்டேன். பேரு உன்னுது முதல்ல இருக்கு, நீயே முடிவு பண்ணு."

அன்று அண்ணி பஸ் முழுக்க நின்ற பிறகுதான் இறங்கினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார், சத்தமே வரவில்லை. டம்ளரை மேசையில் வைத்தார், வைத்ததே தெரியவில்லை. அண்ணன் சமையலறையிலிருந்து ஓடிவந்து என்னிடம் கிசுகிசுத்தான்.

"யாராவது செத்துட்டாங்களா?"

அந்த வீட்டில் அத்தனை மாதங்களில் நான் பயந்தது சத்தத்துக்கு. அன்றுதான் தெரிந்தது, அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வீடு எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று. உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் ஒரு கையைக் கேட்டேன், உங்க பொழப்பையே கெடுத்துட்டேன் அண்ணி."

"நீ கேக்கலைன்னா வேற ஒருத்தன் கேட்டிருப்பான். அதுவும் அச்சுல வந்தப்புறம்." சற்று நேரம் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா அதுங்க பேசறதைக் கேக்கறேன்னு நினைச்சேன். நான் போட்ட சத்தத்தை நானே கேட்டுட்டு இருந்திருக்கேன்."

அழுதார். நான் அழுத அளவுக்கு இல்லை.

கட்டுரையை அனுப்பவில்லை. குழுவின் முன்னால் போய், தன் படங்கள் ஏன் நம்பத்தக்கவை அல்ல என்று தானே திரையில் போட்டுக் காட்டினார். பேராசிரியர் வெளியே வந்து சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். அப்படியானால் உங்களிடம் என்னதான் இருக்கிறது என்று ஒருவர் கேட்டாராம். "ஒரு சந்தேகம் இருக்கு சார். அதைத் தீர்க்கற வழியும் இருக்கு" என்றாராம் அண்ணி. அவர்கள் வேலையை நீட்டிக்கவுமில்லை, முடிக்கவுமில்லை. அடுத்த முறை கூடும்வரை இருங்கள், அதற்குள் ஒரு கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அனுப்பியிருந்தால் போதும் என்றிருந்தது போய், இப்போது ஏற்கப்படவே வேண்டும்.

அன்றிலிருந்து எக்ஸ்பிரஸ் குழலைத் தொடவில்லை. ஊற்றுவது முழுக்க நத்தை. எந்தக் குப்பியில் காயத் திரவம், எதில் வெறும் திரவம் என்று நத்தைக்கும் தெரியக் கூடாது என்பதற்காகப் பேராசிரியரே உட்கார்ந்து குப்பிகளில் நிறச்சீட்டு ஒட்டினார். சிவப்பு எது, நீலம் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு திரை முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு அதுதான் சித்திரவதை. "நத்தை ஒரு தட்டுல ஊத்தி முடிக்கறதுக்குள்ள செல்லுக்கே வயசாயிடும்" என்று தினமும் வந்து புலம்புவார். மூடிகள் மறுபடியும் சத்தம் போடத் தொடங்கின. அண்ணனுக்கு உயிர் வந்தது.

முதலில் ஊற்றிய கையோடு பார்த்தார்கள், ஒன்றுமே ஒளிரவில்லை. இரண்டு நிறங்களும் இருட்டு. அண்ணி அலமாரியைத் துடைத்து வைக்கக்கூடத் தொடங்கிவிட்டார், போகிற ஆள் மாதிரி. பிறகு ஒரு நாள் நண்பகலில் என் போன் அடித்தது. "உடனே கிளம்பி வா" என்றார் அண்ணி.

போனேன். கறுப்புத் திரைக்குள் நாங்கள் நாலு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். நத்தை சுவரோரமாக வழியவிட்டார், இந்தத் தடவை யாரும் தட்டை உடனே எடுக்கவில்லை. இருட்டு. இருட்டு. நான் போன வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஓரத்தில் ஒரு செல் பச்சையாக விழித்தது. சற்றுப் பொறுத்து, அதன் பக்கத்துச் செல். அது மங்கியபோது அதற்கும் பக்கத்துச் செல். ஒன்று சொல்லி, இன்னொன்று கேட்டு, அது அடுத்ததிடம் சொல்லி, ஒரு தெருவில் வீடு வீடாக விளக்குப் போடுவது போல் அந்தப் பச்சை நகர்ந்து போனது.

"என்ன கலர்?" என்று கேட்டார் அண்ணி.

"சிவப்பு" என்றார் நத்தை.

பேராசிரியர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். "காயம்தான்" என்றார். நீலம் ஊற்றிய தட்டுகள் இருட்டாகவே கிடந்தன.

முன்பெல்லாம் அண்ணி கொட்டிய கொட்டில் தட்டு முழுக்க ஒரே நேரத்தில் எரிந்தது. இந்த நிதானமான பேச்சு அதற்குள் மூழ்கிப்போயிருக்கிறது. செய்தி திரவத்தில் வருவது உண்மைதான். ஆனால் அதை முதலில் கேட்டது ஓரத்தில் இருந்த சில செல்கள்தான். மற்றவை பக்கத்தில் இருப்பவர் சொல்லித் தெரிந்துகொண்டன. செல்களுக்கு நடுவே உள்ள சின்ன வாசல்களை மருந்து விட்டு அடைத்துப் பார்த்தார்கள், பச்சை அங்கேயே நின்றுவிட்டது. பழைய கட்டுரையைவிட இதில் சொல்வதற்கு அதிகம் இருந்தது. அண்ணி தலைப்பிலிருந்து எழுதத் தொடங்கினார். பேராசிரியரும் சிவப்பை எடுத்தார்.

ஓரிடத்தில் மட்டும் இருவருக்கும் முட்டிக்கொண்டது. செய்முறைப் பகுதியில், எல்லாத் தட்டிலும் ஊற்றியது ஒரே ஆள், அவருக்கு எது எதென்று தெரியாது, வேகமாக ஊற்றினால் வெறும் திரவமே செல்களை ஒளிரவைக்கும் என்று அண்ணி எழுதியிருந்தார். வேகமாக ஊற்றிய பழைய படத்தையும் பின்னிணைப்பில் சேர்த்திருந்தார்.

"ஆள் எதுக்கும்மா? அதான் சரியாயிடுச்சே. நம்ம தப்பை நாமே படம் போட்டுக் காட்டணுமா?" என்றார் பேராசிரியர்.

"இன்னொரு லேப்ல என்னை மாதிரி ஒருத்தி இருப்பா சார். அவளும் வருஷக்கணக்கா ஏமாறக் கூடாது."

அவர் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டார். பெயர் வரிசையிலும் அண்ணி ஒன்று செய்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் நத்தையின் பெயரைப் போட்டு, இருவருக்கும் சம பங்கு என்று குறித்தார். முகப்புப் படத்தில் உள்ள கையும் நத்தையுடையதுதான். நான் அன்று வரைந்த அதே கை.

இதழிலிருந்து மதிப்பீட்டாளர்களின் குறிப்பு வந்தபோது அண்ணி அதை எனக்கு வாசித்துக் காட்டினார். சின்னச் சின்னத் திருத்தங்கள். ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார். இந்த வகைச் செல்கள் தொட்டாலே ஒளிரும், ஆகவே திரவத்தை எப்படி ஊற்றினீர்கள் என்று கேட்கத்தான் தொடங்கினேன், முகப்புப் படத்தில் உள்ள கையைப் பார்த்ததும் கேள்வியை அடித்துவிட்டேன். அண்ணி அதை இரண்டு தரம் வாசித்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் கலங்கியது தெரிய வேண்டாமென்று.

திருத்தி அனுப்பியது ஏற்கப்பட்டதாகத் தகவல் வந்த காலையில்தான் எனக்கும் ஓர் அறை அமைந்தது. அச்சகத்துக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சம். அண்ணனிடம் சொன்னேன். அவன் வயிற்றில் எதுதான் தங்கும்? சற்று நேரத்தில் அண்ணி ஈரக் கையோடு என் அறைக்கு வந்து நின்றார்.

"ரூம் பாத்திருக்கியாமே. ஏன்?"

மழுப்பலாம் என்று பார்த்தேன். அன்று அந்தக் கட்டுரை ஏற்கப்பட்ட நாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நீங்க கதவு சாத்தறது, மூடி போடறது... எல்லாம் என் மேல இருக்கற கோபம்னு நினைச்சேன் அண்ணி. வந்த நாள்லேருந்து."

அண்ணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோபமே வந்துவிட்டது.

"நீ வர்றதுக்கு முந்தி இந்த வீட்டுல நான் எப்படிக் கதவு சாத்தினேன்னு யார்கிட்டயாவது கேட்டியா? ஒப்பிட்டுப் பாக்காம நீயா ஒரு முடிவுக்கு வருவியா? நாங்களாவது ஒரு தட்டை வெச்சுப் பாத்தோம்."

ஹாலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "இதைவிட மோசம். ரெண்டு தாழ்ப்பாள் மாத்தியிருக்கேன்."

ஹாலில் அண்ணியின் புத்தகங்கள் இன்னும் தரையில்தான் அடுக்கியிருந்தன. வந்த நாளிலிருந்து அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன். எனக்காக எடுத்துப் போட்டவை. திருப்பி உள்ளே வைக்க இடம் கொடு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் புத்தகங்கள் சொன்னது என் காதில் விழவே இல்லை, கதவுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அடுத்த பேப்பருக்கும் படம் வேணும்" என்று சொல்லிவிட்டு அண்ணி போனார். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. காலண்டர் விழுந்தது. அதை எடுத்து மாட்டிவிட்டு, அந்த வாடகை அறை வேண்டாம் என்று சொல்வதற்காகப் போனை எடுத்தேன்.